டைப் 1 சுகர் உள்ள குழந்தைக்கு சென்சரும் விளையாட்டும்: பாலக்காட்டு எல்லையோரக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

போன மழைக்காலத்தில் ஒரு வாரம் முழுக்க என் மகளின் குளுக்கோமீட்டரில் 96, 112, 104 என்று அழகான எண்களாக வந்துகொண்டிருந்தன. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஏழாம் நாள் காலையில் அவள் வாந்தி எடுத்தாள். மூச்சு வாங்கியது, வாயில் பழவாடை அடித்தது. கோவைக்குக் காரில் ஓடினோம். அங்கே பார்த்தபோது சுகர் 400-ஐத் தாண்டியிருந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன் வீட்டு மீட்டரில் வந்தது 104. அந்த ரத்தம் அவளுடையது அல்ல, தம்பியின் விரலில் எடுத்தது.

100-க்கும் 180-க்கும் நடுவில் வந்தால் ஒரு நட்சத்திரம், பத்து நட்சத்திரத்துக்கு ஒரு பொம்மை என்று சுவரில் தாள் ஒட்டியவள் நான்தான். ஒன்பது வயதுப் பிள்ளை நட்சத்திரத்துக்கு வழி கண்டுபிடித்தாள். தப்பு அவளுடையது இல்லை.

அதற்குப் பிறகு சென்சர் (கையில் ஒட்டிக்கொண்டு சுகரை அளந்துகொண்டே இருக்கும் கருவி), செயலி, வீட்டு விளையாட்டு என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டோம். நாங்கள் இருப்பது கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டிலும் பள்ளியிலும் தமிழ், ரேஷன் கார்டில் மலையாளம், ஆஸ்பத்திரி கோவை. இவை ஒன்றோடொன்று ஒட்டாததால் பட்ட அலைச்சல் கொஞ்சநஞ்சமல்ல. வேலந்தாவளம், சித்தூர், கோவிந்தாபுரம், வாளையார் பக்கத்தில் இப்போதுதான் குழந்தைக்கு டைப் 1 (உடம்பில் இன்சுலின் சுரக்காமல் வரும் சுகர்) என்று கேட்டுவிட்டுத் திகைத்து நிற்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். இன்சுலின் எத்தனை யூனிட் என்பது உங்கள் டாக்டர் சொல்லவேண்டியது. அதை நான் தொடவில்லை.

1. விளையாட்டுக்கு முன் வீட்டில் இருக்கவேண்டியவை

சென்சர் வாங்கும் ஆசையில் அடிப்படையை விட்டுவிடாதீர்கள். எந்தக் கருவியும் ஒரு நாள் நிற்கும். அன்று கைகொடுப்பது சாதாரண மீட்டரும் ஸ்ட்ரிப்பும்தான்.

திறக்காத இன்சுலின் ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டும். ஃப்ரீஸரில் வைத்து உறைந்துபோனால் தூக்கி எறிய வேண்டியதுதான். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் பேனா பெரும்பாலும் 28 நாள் வெளியில் தாங்கும். ஆனால் நம் ஊர் மார்ச், ஏப்ரல் வெயிலை 'அறை வெப்பநிலை' என்று சொல்ல முடியாது. கரண்ட் போகும் நாட்களுக்கு ஒரு பெரிய மண்பானை, அதற்குள் ஈரமணல், மணலுக்குள் ஒரு சின்னப் பானை என்று வைத்திருக்கிறேன். பேனாவை நனையாமல் ஒரு டப்பாவில் போட்டு உள்பானையில் வைப்பேன்.

சுகர் 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கலக்கிக் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும். சின்னக் குழந்தைக்கு இதைவிடக் குறைவாகப் போதும், எடையைச் சொல்லி டாக்டரிடம் அளவு எழுதி வாங்குங்கள். நினைவு தப்பிய குழந்தையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. சுகர் 250-க்கு மேல், கூடவே வாந்தியோ வயிற்றுவலியோ இருந்தால் கீட்டோன் (இன்சுலின் போதாதபோது உடம்பில் சேரும் அமிலப் பொருள்) பார்க்கவேண்டும். பார்க்க வழியில்லாவிட்டால் நேராக ஆஸ்பத்திரி. இந்த இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். அமுச்சிக்கும் (பாட்டிக்கும்) படிக்கத் தெரியவேண்டும், அண்ணனுக்கும் தெரியவேண்டும்.

2. எந்தக் கருவி யாருக்கு

கம்பியில்லாமல் எண் போகும் வழி மூன்று. இவை புரிந்தால் கடைக்காரர் சொல்வதெல்லாம் புரியும்.

முதலாவது என்.எஃப்.சி. கையில் ஒட்டிய சென்சரின் மேல் போனையோ, ரீடர் என்ற தனிக் கருவியையோ கிட்டத்தட்ட தொடும் அளவுக்குக் கொண்டுபோனால் எண் வரும், தள்ளி வைத்தால் வராது. இந்த வகையில் ஸ்கேன் செய்தால்தான் எண் தெரியும். நடுராத்திரி சுகர் இறங்கினால் அது தானாகக் கத்தாது.

இரண்டாவது ப்ளூடூத். அறை தூரத்துக்குள் எண்ணோ எச்சரிக்கையோ தானாகப் போனுக்கு வரும். ஃப்ரீஸ்டைல் லிப்ரே 2 போன்ற சென்சர்கள் இப்படி ஒலி எழுப்பும், ஏறக்குறைய 6 மீட்டர் வரை. குழந்தை திண்ணையில், போன் பின்கட்டில் என்றால் எட்டாது. சில குளுக்கோமீட்டர்களிலும் ப்ளூடூத் உண்டு: அக்கு-செக் இன்ஸ்டன்ட், கான்டூர் பிளஸ் ஒன், ஒன்டச் செலக்ட் பிளஸ் ஃப்ளெக்ஸ். விரலில் குத்திப் பார்த்த எண் தானே போனில் ஏறிவிடும். நோட்டில் எழுதும் வேலை மிச்சம், மாற்றி எழுதவும் முடியாது.

மூன்றாவது இன்டர்நெட். போனிலிருந்து எண் மேலே போய், கோவையில் வேலையில் இருக்கும் அப்பாவின் போனில் இறங்கும். லிப்ரே சென்சருக்கு இதைச் செய்வது லிப்ரேலிங்க்அப் என்ற செயலி. டாக்டருடன் பகிர லிப்ரேவியூ.

புதிதாக வந்தவர்களுக்கு என் அபிப்பிராயம் இது. முதல் மாதமே சென்சருக்குப் பாயாதீர்கள். ப்ளூடூத் உள்ள ஒரு மீட்டரை வாங்கி, அதோடு விளையாட்டைத் தொடங்குங்கள். விரலில் குத்துவது, கை கழுவுவது, எண்ணைப் பார்த்துப் பயப்படாமல் இருப்பது, இவை மூன்றும் குழந்தைக்குப் பழகட்டும். இரவில் அடிக்கடி லோ ஆகும் (சுகர் 70-க்குக் கீழே இறங்கும்) குழந்தை, லோ ஆவதைச் சொல்லத் தெரியாத சின்னக் குழந்தை என்றால் மட்டும் டாக்டரிடம் கேட்டு உடனே சென்சருக்குப் போகலாம். லிப்ரே, லிப்ரே 2 சென்சர்கள் 4 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு.

பம்ப் (ஊசிக்குப் பதிலாக இன்சுலினை உடம்புக்குள் செலுத்திக்கொண்டே இருக்கும் கருவி) பற்றி இங்கே எழுதவில்லை. அது லட்சங்களில் போகும் விஷயம், பயிற்சியும் தனி.

3. போன் வாங்குமுன்

பழைய போனைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, சென்சருக்காகவே 11,000 ரூபாய்க்குப் புதுப் போன் வாங்கினேன். வீட்டுக்கு வந்து சென்சரை ஒட்டிவிட்டுப் போனைக் காட்டினால் ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் போனில் என்.எஃப்.சி. கிடையாது. விலை குறைந்த போன்களில் பலவற்றில் அது இருக்காது. ஒட்டிய சென்சரைக் கழற்றி மறுபடி ஒட்டவும் முடியாது. பக்கத்து வீட்டு அண்ணன் போனைப் பதினான்கு நாள் கடன் வாங்கித்தான் சமாளித்தோம்.

ஆகவே, கடையிலேயே போனின் செட்டிங்ஸில் போய் 'என்.எஃப்.சி.' என்ற வரி இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். கடைக்காரர் "எல்லாத்துலயும் இருக்கும்க்கா" என்று சொன்னால் போதாது. அப்புறம் சென்சர் நிறுவனம் வெளியிடும் பொருந்தும் போன்களின் பட்டியலில் உங்கள் மாடல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ப்ளூடூத் எச்சரிக்கை உள்ள சென்சர் என்றால் இன்னொரு பொறி உண்டு. பேட்டரி சேமிப்பு என்ற பெயரில் பல போன்கள் பின்னணியில் ஓடும் செயலியைத் தூங்க வைத்துவிடும். இரவு இரண்டு மணிக்குச் சுகர் 58, போன் ஊமை. செயலியின் பேட்டரி அமைப்பில் 'கட்டுப்பாடு இல்லை' என்று மாற்றுங்கள். 'தொந்தரவு செய்யாதே' அமைப்பிலும் இந்தச் செயலிக்கு விலக்கு கொடுங்கள். போனைச் சைலன்ட்டில் போட்டு ஒரு பகல் சோதித்துவிட்டுத்தான் இரவுக்கு நம்பவேண்டும்.

கல்ஃபில் இருக்கும் சித்தப்பா சென்சர் வாங்கி அனுப்புகிறேன் என்பார். நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். அன்பை மறுக்க வேண்டாம், ஆனால் முதலில் ஒன்றே ஒன்று போதும் என்று சொல்லுங்கள். வேறு நாட்டில் விற்கும் சென்சர் இங்கே இறக்கிய செயலியில் ஏறாமல் போகலாம்.

4. 'மிட்டாய்' திட்டம்: காகிதங்களும் அலைச்சலும்

கேரளத்தில் டைப் 1 உள்ள குழந்தைகளுக்காகக் கேரள சமூகப் பாதுகாப்பு மிஷன் நடத்தும் திட்டத்தின் பெயர் மிட்டாய். இன்சுலின் பேனா, சென்சர், தேவைப்படும் குழந்தைக்குப் பம்ப் என்று இதன் வழியாகக் கிடைக்கிறது. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் இதற்கான கிளினிக் நடக்கிறது. நாங்கள் போனது திருச்சூர். கோவையில் வைத்தியம் பார்க்கும் நம் பக்கத்துக் குடும்பங்கள் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எனக்கும் எட்டு மாதம் தெரியாது.

என் கோப்பில் இருந்தவை: குழந்தையின் ஆதார், பிறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு, வருமானச் சான்றிதழ், டைப் 1 என்று டாக்டர் எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் வைத்த சான்று, ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1சி. ரிப்போர்ட், பேங்க் பாஸ்புக்கின் முதல் பக்கம், நாலு போட்டோ. எல்லாவற்றிலும் மூன்று நகல்.

சிக்கல் வந்தது பெயரில். மகள் பிறந்தது கோவையில், பிறப்புச் சான்றிதழ் தமிழ்நாட்டுடையது, பெயருக்கு முன்னால் இனிஷியல் ஒரே எழுத்து. ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால். ரேஷன் கார்டில் மலையாளத்தில் எழுதியபோது ஒரு எழுத்து மாறிவிட்டது. மூன்றும் மூன்று பிள்ளைகள் மாதிரி இருந்தன. ஒரு அலுவலகத்தில் கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போனது.

இதற்கு வழி இருக்கிறது. மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று வில்லேஜ் ஆஃபீஸ் ஒரு சான்று தரும். 'வன் அண்ட் சேம் சர்டிஃபிகேட்' என்று கேளுங்கள், அந்தப் பெயரில்தான் அவர்களுக்குத் தெரியும். அட்சயா சென்டரில் (கேரள அரசின் இ-சேவை மையம்) விண்ணப்பிக்கலாம். வருமானச் சான்றிதழுக்குப் போகும் அன்றே இதையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். எனக்கு இரண்டும் கையில் வர ஒன்பது நாள் ஆனது. வில்லேஜ் ஆஃபீஸில் ஆளைப் பார்க்கவேண்டும் என்று கூப்பிட்டால் வரி ரசீதும் ரேஷன் கார்டின் அசலும் எடுத்துப் போங்கள்.

மலையாளத்தில் விண்ணப்பம் எழுதத் தெரியாதே என்று தயங்கவேண்டாம். மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் அரசு அலுவலகத்துக்குத் தமிழில் எழுதும் உரிமையைக் கேரள ஆட்சிமொழிச் சட்டமே தருகிறது. நான் தமிழில்தான் எழுதிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்கள். ஆனால் டாக்டர் சான்று ஆங்கிலத்தில் இருக்கட்டும், அது எல்லா மேசையிலும் நகரும்.

இன்னொன்று. தமிழ்நாட்டு டாக்டரின் சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு போனால் கிளினிக்கில் அவர்களே மறுபடி பார்த்து, சில பரிசோதனைகளைத் திரும்ப எடுக்கச் சொல்வார்கள். அதைக் கௌரவப் பிரச்சினையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கோவை டாக்டரிடம் மறைக்கவும் வேண்டாம். "கேரளத் திட்டத்தில் சேர்க்கிறேன், இன்சுலின் மாற்றம் எதுவானாலும் உங்களிடமும் சொல்கிறேன்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். இரண்டு டாக்டர், இரண்டு அளவு என்று குழம்பினால் பாதிக்கப்படுவது குழந்தை.

எல்லைக்கு அந்தப் பக்கம், பொள்ளாச்சியிலோ கோவையிலோ வீடு இருப்பவர்களுக்கு மிட்டாய் பொருந்தாது. கோவையில் இதயங்கள் என்ற அறக்கட்டளை டைப் 1 குழந்தைகளுக்கு உதவுகிறது, அங்கே விசாரியுங்கள்.

திருச்சூருக்குப் போகும் நாள்: விடியற்காலையில் கிளம்பி, பாலக்காட்டில் ரயில் ஏறித் திருச்சூரில் இறங்கி, அங்கிருந்து மருத்துவக் கல்லூரி இருக்கும் முளங்குன்னத்துக்காவுக்குப் பஸ். கிளினிக் என்ன கிழமை என்று முன்பே போனில் கேட்டுக்கொண்டு போங்கள். சாப்பாடு, குளுக்கோஸ், பேனா, மீட்டர் எல்லாம் கைப்பையில். வரிசையில் நிற்கும்போதே லோ ஆகும், எங்களுக்கு ஆனது.

5. சென்சர் ஒட்டும் நாள்

மேல்கையின் பின்புறம், சதைப்பிடிப்பான இடம். சோப்புப் போட்டுக் கழுவி, ஆல்கஹால் துடைப்பானால் துடைத்து, நன்றாக உலரவிட வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் ஒட்டாதீர்கள். தேங்காய் எண்ணெய்க்கு எந்தப் பசையும் நிற்காது. ஒட்டிய பிறகு ஒரு மணி நேரம் சென்சர் சூடேறும். அதுவரை எண் வராது.

ரீடர் என்ற தனிக் கருவியும் போனும் இரண்டும் வேண்டும் என்றால் வரிசை முக்கியம். முதலில் ரீடரால் தொடங்கி, அந்த ஒரு மணி நேரத்துக்குள் போனையும் காட்டவேண்டும். போனில் மட்டும் தொடங்கினால் அந்தச் சென்சரை ரீடர் படிக்கவே படிக்காது. எச்சரிக்கை ஒலி உள்ள சென்சரில், எதில் முதலில் தொடங்கினீர்களோ அதில் மட்டும்தான் ஒலி வரும்.

லிப்ரே, லிப்ரே 2 சென்சர் 14 நாள் இருக்கும். உள்ளே எட்டு மணி நேரக் கணக்கைத்தான் வைத்துக்கொள்ளும். எட்டு மணிக்கு மேல் ஸ்கேன் செய்யாமல் விட்டால் முந்தைய பகுதி அழிந்துபோகும். இரவு பத்துக்கு ஒருமுறை, காலை ஆறுக்குள் ஒருமுறை என்பதை நாங்கள் தவறவிடுவதில்லை.

எண்ணைப் பற்றிச் சில எச்சரிக்கைகள். சென்சர் அளப்பது ரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் உள்ள நீரை. ஆகவே ரத்தத்தைவிடச் சில நிமிடம் பின்தங்கும். ஓடி விளையாடும்போதும் லோவுக்குச் சர்க்கரை கொடுத்த பின்பும் இந்த இடைவெளி தெரியும். சர்க்கரை கொடுத்துப் பத்து நிமிடத்தில் சென்சர் இன்னும் 62 என்று காட்டுவதைப் பார்த்து மறுபடி மறுபடி கொடுத்தால் அடுத்த மணியில் 300. அந்த நேரத்தில் விரலில் குத்திப் பாருங்கள். குழந்தை அந்தக் கையின் மேல் அழுத்திப் படுத்திருந்தாலும் பொய்யான லோ வரும். புரட்டிப் படுக்கவைத்து, விரலில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். உடம்பில் தெரியும் அறிகுறியும் சென்சர் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் எப்போதும் விரல்தான் தீர்ப்பு.

சளிக்கு என்று கடையில் கிடைக்கும் வைட்டமின் சி சப்பும் மாத்திரை ஒன்றில் 500 மில்லிகிராம் இருக்கும். ஒரு நாளில் அதற்கு மேல் போனால் லிப்ரே சென்சர் உண்மையைவிட அதிகமாகக் காட்டலாம். எக்ஸ்ரே, ஸ்கேன் என்றால் முன்பே சொல்லி, தேவைப்பட்டால் கழற்றவேண்டும். புதுச் சென்சர் பெட்டியை ஸ்கூட்டர் டிக்கியில் வெயிலில் வைக்காதீர்கள். பெட்டியில் அச்சிட்ட வெப்ப அளவு நம் ஊர்ப் பகல் வெயிலுக்கு வெகு கீழே.

விரலில் பார்க்கும்போது ஒரு விஷயம்: மாம்பழம் உரித்த கையோடு குத்தினால் எண் எகிறும். எங்கள் வீட்டில் ஒருமுறை 310 வந்தது, கழுவிவிட்டுப் பார்த்தால் 148. அந்த 310-ஐ நம்பி ஊசி போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

6. விளையாட்டு: எண்ணுக்குப் பரிசு கிடையாது

இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. பரிசு சோதித்ததற்கு, சொன்னதற்கு, கவனித்ததற்கு. சுகர் எவ்வளவு வந்தது என்பதற்கு அல்ல. காய்ச்சல், வளர்ச்சி, பயம், வெயில் எல்லாம் சுகரை ஏற்றும் இறக்கும். குழந்தையின் கையில் இல்லாத ஒன்றுக்குப் பரிசு வைத்தால் அவள் பொய் சொல்லத்தான் கற்பாள்.  

போனில் உள்ளவற்றில் நாங்கள் பயன்படுத்தியது மைசுகர். பதிவு செய்யச் செய்ய ஒரு குட்டி அசுரன் அடங்குவான். ஆங்கிலத்தில்தான் வைத்திருந்தோம். பெற்றோர் போனில், பெற்றோர் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரம் ஓடியது, அப்புறம் சலித்துவிட்டது. வீட்டில் நாங்களாகச் செய்தவைதான் நின்றன.

கணிப்பு விளையாட்டு. ஸ்கேன் செய்யுமுன் அவள் ஒரு எண் சொல்லவேண்டும், அம்புக்குறி (சுகர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று சென்சர் காட்டுவது) எந்தப் பக்கம் என்றும் சொல்லவேண்டும். 20-க்குள் பக்கத்தில் வந்தால் ஒரு புள்ளி. அம்பும் சரி என்றால் இன்னொன்று. 290 என்று சரியாகச் சொன்னாலும் புள்ளி உண்டு. இரண்டு மாதத்தில் "அம்மா, எனக்கு எழுபத்தஞ்சு இருக்கும், இறங்குது" என்று அவளே வந்து சொல்லத் தொடங்கினாள். முன்பெல்லாம் கை நடுங்கி உட்கார்ந்த பிறகுதான் எங்களுக்கே தெரியும். சென்சர் இல்லாதவர்கள் மீட்டரை வைத்தே இதை ஆடலாம், அம்பு மட்டும் இருக்காது.

பல்லாங்குழியில் மாவுச்சத்துக் கணக்கு. ஒரு புளியங்கொட்டை 5 கிராம் மாவுச்சத்து. சமையலறைத் தராசு ஒன்று வாங்கிக்கொண்டோம். வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து, அதாவது ஐந்தரைக் கொட்டை. ஒரு டம்ளர் பால், 200 மில்லி, இரண்டு கொட்டை. முட்டைக்குக் கொட்டையே இல்லை என்பது அவளுக்குப் பெரிய சந்தோஷம். இட்லிக்கு எத்தனை என்று கேட்காதீர்கள், உங்கள் தட்டின் குழியைப் பொறுத்தது. உங்கள் வீட்டு இட்லியை நிறுத்து, டயட்டீஷியனிடம் கேட்டு ஒரு பட்டியல் போடுங்கள். புட்டு, மட்டை அரிசிச் சோறு, கப்பை (மரவள்ளிக்கிழங்கு), நேந்திரம்பழம் எல்லாம் பட்டியலில் இருக்கட்டும். தமிழ்நாட்டில் அச்சடித்த பட்டியல்களில் இவை எல்லாம் இல்லாமல் போகலாம். சாப்பிடுமுன் அவள் குழியில் கொட்டைகளைப் போடுவாள், தம்பி எண்ணுவான், நான் அந்த எண்ணை வைத்து டாக்டர் சொன்ன கணக்குப்படி ஊசி போடுவேன். கணக்கைக் கடைசியாகச் சரிபார்ப்பது எப்போதும் பெரியவர்களாகவே இருக்கவேண்டும்.

பரமபதம். ஒரு சார்ட்டில் நாங்களே வரைந்தது. ஏணிகள்: கை கழுவினேன், லோ என்று நானே சொன்னேன், ஊசியை வேறு இடத்தில் போட்டேன், குளுக்கோஸ் பையோடு விளையாடப் போனேன். பாம்புகள்: பையை மறந்தேன், ஒரே இடத்தில் ஊசி போட்டேன். பாம்பின் தலையில் 'சுகர் 300' என்று எழுதாதீர்கள். பெரியப்பா ஒருவர் எழுதச் சொன்னார், நான் விடவில்லை.

திருட்டுத்தனமாகத் தின்றதைச் சொன்னால் மூன்று புள்ளி. இதைக் கேட்டு எல்லோரும் புருவம் தூக்குகிறார்கள். தின்பதற்குப் பரிசா என்கிறார்கள். இல்லை, சொல்வதற்கு. சொன்னால் ஊசி போட்டுச் சரிசெய்யலாம். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நான் கண்ணால் பார்த்துவிட்டேன். ஓணத்துக்குப் பாயசமும் பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கலும் மறைக்கவேண்டிய பொருள்கள் அல்ல. கொட்டை போட்டு எண்ணிவிட்டுச் சாப்பிடட்டும்.

பரிசாகத் தின்பண்டம் கூடாது. எங்கள் வீட்டில் 30 புள்ளிக்கு மலம்புழா அணைப் பூங்கா, 10 புள்ளிக்கு அன்றைய டிவி அவள் கையில். தம்பிக்கும் புள்ளி உண்டு, எண்ணுவதற்கும் பை எடுத்துக் கொடுப்பதற்கும். அவனை விட்டுவிட்டால் 'அக்காவுக்கு மட்டும்தான் எல்லாம்' என்று ஏங்கிப்போவான்.

ஒரு விளையாட்டு நாலு வாரத்துக்கு மேல் இழுக்காது. சலிப்பு வந்தால் திட்டாமல் மாற்றுங்கள். போன் விளையாட்டில் மூழ்கியிருக்கும் குழந்தைக்கு லோ வருவது தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். வேர்த்து, எரிச்சலோடு பேசினால் "போனை வை" என்று சத்தம் போடுமுன் சுகரைப் பாருங்கள்.

7. பள்ளிக்கூடம்

எங்கள் பள்ளியில் பிள்ளைகள் போன் கொண்டுவரக் கூடாது. சண்டை போடவேண்டிய அவசியம் இல்லை. மகள் ஒன்பது மணிக்கு வீட்டில் ஸ்கேன் செய்துவிட்டுப் போவாள், நாலரைக்கு வந்து மறுபடி செய்வாள். ஏழரை மணி நேரம்தான், எட்டுக்குள் வந்துவிடுவதால் பள்ளி நேரத்துக் கோடு முழுசாகக் கிடைக்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னும் விளையாட்டுப் பீரியடுக்கு முன்னும் சாதாரண மீட்டரில் பார்க்கிறாள். வேன் தாமதமாக வரும் ஊர் என்றால் ரீடருக்கு அனுமதி வாங்குங்கள். ரீடர் பார்க்கப் போன் மாதிரி இருக்கும், கடிதம் இல்லாவிட்டால் பிடுங்கி வைத்துவிடுவார்கள்.

தலைமையாசிரியருக்குக் கொடுக்கவேண்டியது: டாக்டர் கடிதம், லோவுக்கு என்ன செய்வது என்ற ஒரு பக்கம், இரண்டு போன் நம்பர், ஒரு சின்ன டப்பாவில் குளுக்கோஸ். தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் மாநிலக் கல்வித் துறைகளுக்கு எழுதிய கடிதத்தில், டைப் 1 குழந்தைகள் வகுப்பில் சுகர் பார்க்கவும் ஊசி போடவும் இடையில் சாப்பிடவும் அனுமதிக்கவேண்டும் என்று கூறியிருக்கிறது. அதன் நகலைச் சேர்த்துக் கொடுங்கள். சி.பி.எஸ்.இ. பிள்ளைகளுக்குத் தேர்வறையில் சர்க்கரை மாத்திரையும் பழமும் வைத்துக்கொள்ள 2017 முதல் அனுமதி உண்டு. ஆனால் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், தேர்வு நாள் காலையில் கேட்டால் நடக்காது.

ஜூனில் டீச்சர் மாறுவார். புது டீச்சரை முதல் வாரமே பாருங்கள்.

8. செலவும் நாட்களும்

ஒரு ஸ்ட்ரிப் ஏறக்குறைய 20 ரூபாய் என்று வையுங்கள். நாளுக்கு ஆறு முறை பார்த்தால் மாதம் 3,600. சென்சர் ஒன்று 5,000 ரூபாயைச் சுற்றி இருக்கும். மாதம் முழுக்க வேண்டும் என்றால் இரண்டு, 10,000. ப்ளூடூத் மீட்டர் ஒருமுறைச் செலவு, 2,000-க்குள் முடியும். தராசு 400 ரூபாய்க்கு வாங்கினேன். பல்லாங்குழி அமுச்சியுடையது.

காசு இழுக்கவில்லை என்றால் மாதாமாதம் சென்சர் தேவையில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, டாக்டரைப் பார்க்கும் நாளுக்கு முந்தைய இரண்டு வாரம் மட்டும் ஒட்டிக்கொண்டு, அந்த 14 நாள் ரிப்போர்ட்டைக் கொண்டுபோங்கள். அதில் 70-க்கும் 180-க்கும் இடையில் எத்தனை சதவீத நேரம் இருந்தது என்று போட்டிருக்கும். 70 சதவீதத்துக்கு மேல் என்பது குறி. எங்களுக்கு முதல் ரிப்போர்ட்டில் 41. டாக்டர் திட்டவில்லை, எந்த மணிக்கு ஏறுகிறது என்று விரல் வைத்துக் காட்டினார். காலை பத்து மணி. இட்லிக்குப் போடும் ஊசியைச் சாப்பிட உட்கார்ந்த பிறகு போட்டுக்கொண்டிருந்தோம். அவர் சொன்னபடி நேரத்தை முன்னுக்குத் தள்ளினோம், அடுத்த ரிப்போர்ட்டில் 56.

மிட்டாயில் விண்ணப்பம் கொடுத்ததிலிருந்து முதல் சென்சர் கைக்கு வர எங்களுக்கு மூன்று மாதம் பிடித்தது. நடுவில் நாலு தடவை திருச்சூர். வருமானச் சான்றிதழுக்குக் காலாவதி உண்டு, தேதியைப் பார்த்துவிட்டு முன்பே புதுப்பியுங்கள். சென்சருக்குப் பத்தாம் நாளே அடுத்ததற்கு ஏற்பாடு செய்யுங்கள். வேர்வையில் சீக்கிரம் கழன்றுவிடும் பிள்ளைகளுக்கு விளையாட்டு வீரர்கள் ஒட்டும் துணி டேப்பை மேலே ஒட்டலாம், சென்சரின் நடுவில் உள்ள சின்ன ஓட்டையை மட்டும் மூடாமல். தானே கழன்று விழுந்தாலோ பாதியில் நின்றாலோ குப்பையில் போடவேண்டாம். பெட்டியையும் சென்சரையும் வைத்துக்கொண்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணுக்கு அன்றே கூப்பிடுங்கள். பெட்டியில் உள்ள சீரியல் நம்பரைத்தான் முதலில் கேட்பார்கள்.